அருளும் உரிமையும்: கோயிலொழுகும் வேதநாயகர் நூல்களும் காட்டும் அரசுநெறி

முன்னுரை

சமயச்சார்பற்ற அரசு என்னும் கருத்து மேலைநாட்டினின்று வந்து நம்மேற் சுமத்தப்பட்டது என்பர் ஒருசாரார். தமிழகம் தொன்றுதொட்டே அந்நெறியில் நின்றது என்பர் மற்றொருசாரார். முன்னவர் தமிழ் நூல்களைப் புரட்டாமலே தீர்ப்புரைக்கின்றனர். பின்னவரோ, நூல்களிற் சமயப்பொறை காணுமிடமெல்லாம் அதனையே சமயச்சார்பின்மை எனக் கொண்டு மனநிறைவு அடைகின்றனர். இவ்விரு கூற்றும் ஆராயாது ஏற்கத்தக்கன அல்ல.

இவ்வாராய்ச்சிக்குத் திருச்சிராப்பள்ளியும் திருவரங்கமும் பொருத்தமான களங்கள். காவிரியின் இரு கிளைகளுக்கு இடைப்பட்ட தீவில் வைணவர் 'கோயில்' என்ற பொதுச்சொல்லாலேயே சுட்டும் திருவரங்கம் உள்ளது. அதே தீவில் சைவர் போற்றும் திருவானைக்கா உள்ளது. தென்கரையில் மலைக்கோட்டைத் தாயுமானவர் கோயிலும், நத்தர்வலி தர்காவும், 18-ஆம் நூற்றாண்டில் சுவார்ட்சு பாதிரியார் எழுப்பிய கிறித்துநாதர் கோயிலும் நெருங்கி நிற்கின்றன. இந்நிலப்பகுதி தந்த இருவகை நூல்களை ஈண்டு எடுத்துக்கொள்வோம். ஒன்று, திருவரங்கக் கோயிலின் வரலாற்றுப் பதிவாகிய கோயிலொழுகு. மற்றொன்று, திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826-இல் பிறந்து, திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் பணி தொடங்கி, மாயூரம் முனிசீபாகப் புகழ்பெற்ற வேதநாயகம் பிள்ளையின் நூற்றொகுதி. கோயிலொழுகு கோயிலின் உள்ளிருந்து அரசை நோக்குகிறது. வேதநாயகர் நீதிமன்றத்தின் உள்ளிருந்து குடிகளை நோக்குகிறார். இரண்டையும் ஒப்பிட்டு, அவற்றில் நீதி எதன்மேல் நிற்கிறது என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொற்பொருள் வரையறை

பொறை, சமரசம், சார்பின்மை என்னும் மூன்று சொற்களை ஒருபொருட் சொற்களாக வழங்குதல் பிழை. பொறை என்பது வலியார் மெலியார்க்கு அளிப்பது. அதற்குக் கொடுப்பவர் ஒருவர், பெறுபவர் ஒருவர் உண்டு. கொடுத்தவர் அதனை மீட்டுக்கொள்ளவும் கூடும். சமரசம் என்பது சமயங்கள் யாவும் ஒரு பொருளையே நாடுகின்றன என்னும் சமயக்கொள்கை. அதனை ஏற்பார்க்கு அது பேரன்பு. ஏலாதார்க்கு அதுவும் பல கொள்கைகளுள் ஒன்றே. சார்பின்மையோ அரசின் இயல்பு பற்றியது. குடிமகன் எதனை நம்பினான், நம்பவில்லை என்பதைக் கொண்டு அவன் உரிமையை அளவாமை அதன் உட்பொருள்.

இந்திய அரசியலமைப்பின் முகப்புரையில் இச்சொல் 1976-ஆம் ஆண்டு 42-ஆம் திருத்தத்தால் சேர்ந்தது. ஆயினும் இதன் பொருள், சட்டத்தின் முன் சமன்மை கூறும் 14-ஆம் உறுப்பிலும், சமய உரிமை கூறும் 25 முதல் 28 வரையுள்ள உறுப்புகளிலும் 1950 முதலே அமைந்து கிடக்கிறது.

மேலைநாட்டார் இப்பொருளைத் தொடக்கத்திலேயே முழுமையாகக் கண்டனர் எனக் கருதுதலும் தவறு. சமயப்பொறை பற்றிய கடிதத்தை 1689-இல் வெளியிட்ட சான் லாக்கு, கடவுளை மறுப்போர்க்கு அப்பொறையில் இடம் தரவில்லை. கடவுளை மறுப்பவனுடைய வாக்கும் ஆணையும் நம்பத்தக்கன அல்ல என்பது அவர் எண்ணம். பொறையினின்று உரிமைக்கு வந்த வழி அவர்கட்கும் நெடுவழியே.

கோயிலொழுகு காட்டும் அரசு

ஒழுகு என்பது ஒழுங்குபட எழுதிவைத்த பதிவு. கோயிலொழுகு ஒருவர் ஒருகாலத்து இயற்றிய நூலன்று; தலைமுறை தோறும் சேர்க்கப்பட்டு வளர்ந்தது; மணிப்பிரவாள நடையினது. புராணச் செய்தியும் கல்வெட்டுச் செய்தியும் அதன்கண் கலந்து வரும். 1961-இல் வரலாற்றுக் குறிப்புகளோடு ஆங்கிலத்தில் அதனை வெளியிட்ட அரிராவ், கல்வெட்டுகளோடு ஒப்பிட்டே அதனைப் பயன்கொள்ள வேண்டும் என்பதைத் தம் குறிப்புகளால் விளக்கினார். எனினும் நமக்கு வேண்டுவது நிகழ்ச்சிகளின் கால உண்மை மட்டுமன்று. அரசனிடம் எதனை எதிர்பார்க்கலாம் என்று அதனை எழுதியோர் கருதினர் என்பதும் வரலாறே ஆகும்.

ஒழுகில் அரசன் பெரும்பாலும் இரண்டு வடிவில் வருகிறான்: பொன்னும் நிலமும் வழங்கும் அடியவன், வழக்கெழுந்தால் முடிவு கூறும் நடுவன். கோயிலின் உள்ளொழுங்கை வகுப்பவர் பெரும்பாலும் அவனல்லர். இராமாநுசர் நிருவாகத்தை ஏற்றுக் கோயிற்பணியாளரைப் பத்துக் கொத்தாக வகுத்து, ஒவ்வொரு கொத்துக்கும் உரிய பணியையும் பேற்றையும் வரையறுத்தமையை ஒழுகு விரிவாகப் பேசுகிறது. இப்பகுதி நூலின் உயிர்நிலை எனலாம். இதனை ஊன்றிப் படிப்பார்க்கு, 'பழைய நூல்களில் உரிமை என்னும் எண்ணமே இல்லை' என்பார் கூற்று நில்லாது. யார் எந்நாளில் எப்பணி செய்வது, யாருக்கு எந்த வரிசையில் தீர்த்தமும் மாலையும் பரிவட்டமும் என்பன நுணுக்கமாக வரையப்பட்டுள்ளன. உரிமை உண்டு, அது மீறப்பட்டால் முறையிடவும் இடம் உண்டு.

ஆனால் அவ்வுரிமை யாருடையது? கொத்தினுடையது, மரபினுடையது, பணியினுடையது. மாந்தன் என்னும் அளவில் ஒருவனுக்கு உரியது என்று ஒழுகு எதனையும் கூறவில்லை. எனவே, உரிமை இல்லை என்பதன்று வேறுபாடு. உரிமை பொதுவாகவில்லை என்பதே வேறுபாடு.

ஒழுகு பேசும் துலுக்க நாச்சியார் செய்தியும் இவ்வகையில் நோக்கத்தக்கது. 1311-இலும் 1323-இலும் தில்லிப் படைகளால் திருவரங்கம் துன்புற்றது. உலாத்திருமேனி ஊர்விட்டு ஊர் சென்று, 1371-இல் விசயநகரத் தலைவன் கோபணனால் மீட்டுக் கொணரப்பட்டதைக் கல்வெட்டும் கூறும். அத்துன்பத்தை நினைவிற் கொண்ட அதே மரபு, சுல்தானின் மகள் அரங்கன்மேற் காதல் கொண்டாள் என்று கூறி, அவளுக்குக் கோயிலினுள் இடமும் அமைத்தது. பகைவன் மகளை நாச்சியாராக்கிய உள்ளம் பெரிது. ஆயினும் அவள் அங்கு வந்தது அரங்கன்பாற் கொண்ட காதலால். தன் சமயத்தில் நின்றபடியே மதிக்கப்பட்ட அயலாள் ஒருத்தியை அக்கதை நமக்குத் தரவில்லை.

அரசன் நடுவனாக நின்றதற்குச் சிறந்த சான்று கன்னட நாட்டுச் சிரவணபெளகொளாவில் உள்ள 1368-ஆம் ஆண்டுக் கல்வெட்டு. சமணர்க்கும் திருவைணவர்க்கும் எழுந்த பிணக்கில் முதலாம் புக்கன் அளித்த முடிவு அது. வைணவர் சார்பில் நின்ற தலங்களுள் திருவரங்கமும் 'கோயில்' என்னும் பெயரால் அதிற் குறிக்கப்படுகிறது. இரு தரிசனங்கட்கும் வேறுபாடில்லை என்று கூறி, சமணர் கையை வைணவர் கையில் வைத்தான் அரசன். சமணர் மனைதோறும் ஒரு பணம் திரட்டி, பெளகொளத் தேவர்க்கு இருபது காவலரை அமர்த்தும் பொறுப்பும் வைணவரிடமே தரப்பட்டது. இது பொறையின் உயர்ந்த வடிவம் என்பதில் ஐயமில்லை. எனினும் மெலியார் கை வலியார் கையில் ஒப்படைக்கப்பட்டது என்பதனையும் நாம் காணவேண்டும். புக்கன் போன்ற ஒருவன் இல்லாதவிடத்து அக்கை என்னாகும் என்பதற்குக் கல்வெட்டில் விடையில்லை.

திருப்பாணர் வரலாறு

அருளின் உயர்வையும் அதன் எல்லையையும் ஒருங்கே காட்டுவது திருப்பாணாழ்வார் வரலாறு. உறையூர்ப் பாணர் குடியில் வளர்ந்தவர் என்று குரபரம்பரை நூல்கள் அவரைக் கூறும். அரங்கத் தீவில் அடிவையாது, தென்கரையில் நின்று யாழிசைத்தவர் அவர். திருமஞ்சன நீர் கொணரச் சென்ற உலோகசாரங்கர் வழிவிடுமாறு கூவ, இசையில் ஆழ்ந்த பாணர் செவியில் அது படவில்லை. எறிந்த கல் அவர் மேற்பட்டுக் குருதி வந்தது. பின்னர் அரங்கன் ஆணையால் அம்முனிவரே அவரைத் தம் தோளிற் சுமந்து கருவறை சேர்த்தார் என்பது வரலாறு. 'அமலனாதிபிரான்' என்னும் பதிகம் அப்போது பிறந்தது என்பர்.

கல்லெறிந்த கையே சுமக்கவும் நேர்ந்தது என்பதில் இக்கதையின் அறம் விளங்குகிறது. இதனினும் கூர்மையாகத் தீண்டாமையைக் குற்றம் சாட்டிய பழங்கதை அரிது. ஆயினும் ஒரு வினா எஞ்சுகிறது. மறுநாள் தென்கரையில் நின்ற மற்றொரு பாணன் நிலை யாது? அவனைச் சுமக்க முனிவர் வந்தாரல்லர். கதை ஒருவரை உயர்த்தியது, வழியைத் திறக்கவில்லை. அவ்வழி திறந்தது 1947-இல் சென்னை மாகாணத்துக் கோயில் நுழைவுச் சட்டத்தாலும், 1950-இல் தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்பின் 17-ஆம் உறுப்பாலும் ஆகும். சட்டம் யாரையும் தோளிற் சுமக்கவில்லை. யாரும் தம் காலால் நடந்து செல்லலாம் என்றது. ஆழ்வாராதல் வேண்டும் என்றும் அது கேட்கவில்லை. அருள் தகுதியுடைய ஒருவர்க்கு விலக்களிக்கும். உரிமை விலக்கே வேண்டாதபடி விதியை மாற்றும். கதைக்கும் சட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டின் சாரம் இதுவே.

வேதநாயகரின் நீதி

கோயிலொழுகின் உலகினின்று வேதநாயகர் உலகிற்கு வரும்போது நீதி என்னும் சொல்லே வேறுபொருள் கொள்கிறது. அவருடைய நீதிநூல் 1859-இல் வெளிவந்தது. சான் சிடூவர்ட்டு மில்லின் 'சுதந்தரம்' என்னும் நூல் வெளிவந்ததும் அதே ஆண்டு. ஒன்றை ஒன்று அறியாத நூல்கள் அவை. மில் தனிமாந்தன்மேற் சமுதாயம் செலுத்தும் ஆதிக்கத்தின் எல்லையை ஆராய்ந்தார். வேதநாயகரோ அரசர்க்கும் குடிகட்கும் உரிய கடமைகளையும், கைக்கூலி முதலிய குற்றங்களையும், பெண்கல்வியின் இன்றியமையாமையையும் செய்யுளாற் பாடினார். வடிவில் அது பழைய அறநூல். பொருளில் அலுவலகமும் வழக்குமன்றமும் அறிந்த ஒருவரின் புதுநூல். பழைய நீதிநூல்களிற் கொடுங்கோல் மன்னனே பெரும்பகை. வேதநாயகர் நூலிற் கைந்நீட்டும் அதிகாரியும் பகையாகிறான். அநீதி அரண்மனையில் மட்டுமன்று, எழுதுமேசையிலும் உண்டாகும் என்று கண்டமை தமிழ் அறநூல் வரலாற்றிற் குறிப்பிடத்தக்க மாற்றம்.

இலக்கிய வரலாற்றாசிரியர் பலர் விரைந்து கடந்துசெல்லும் நூல் ஒன்று உண்டு. அது 1805 முதல் 1861 வரையுள்ள சதர் நீதிமன்றத் தீர்ப்புகளை வேதநாயகர் தமிழாக்கித் தொகுத்த 'சித்தாந்த சங்கிரகம்'. செய்யுளன்று, கதையன்று, ஆதலின் இலக்கியமன்று என ஒதுக்கினர் போலும். அரசியல் மெய்யறிவு நோக்கில் அவர் செய்த பணிகளுள் இதுவே தலையாயது என்பது எம் கருத்து. தன்னைக் கட்டுப்படுத்தும் சட்டத்தைத் தான் படித்தறிய இயலாத குடிமகன், சட்டத்தால் ஆளப்படுபவன் அல்லன், கட்டளையால் ஆளப்படுபவன். நீதிக் கொள்கைகள் யாவர்க்கும் வெளிப்படையாக அறியப்பட்டிருத்தல் வேண்டும் என்பதனை அமெரிக்க அறிஞர் சான் ராலுசு 1971-இல் வெளியிட்ட தம் நூலில் நீதியின் இலக்கணங்களுள் ஒன்றாக வைத்தார். அவ்வெளிப்படைத் தன்மையைத் தமிழில் உண்டாக்க முயன்றவர் ஒரு மாவட்ட முனிசீபு.

பிரதாப முதலியார் சரித்திரத்தில் (1879) இக்கருத்து கதையாகிறது. வழக்கறிஞர் ஆங்கிலத்தில் வாதிட, கட்சிக்காரன் ஒன்றும் விளங்காது நிற்கும் நிலையை ஆசிரியர் எள்ளி, நீதிமன்றத்திற் தமிழே வழங்கவேண்டும் என வாதிடுகிறார். அதனை மொழிப்பற்றாக மட்டும் காண்பார் உளர். மொழிப்பற்றினும் ஆழமானது அங்குள்ளது. விளங்காத நீதி, நீதியாயினும் ஏற்கத்தக்கதன்று என்பதே அவ்வாதத்தின் அடிப்படை.

ஞானாம்பாள் ஆண்வேடம் பூண்டு விக்கிரமபுரியில் அரசாளும் பகுதி மேலும் கூர்ந்து நோக்கத்தக்கது. யானை மாலையிட்டு அரசனைத் தேர்ந்தெடுத்தல் பழைய கதை வழக்கு. ஆசிரியர் அப்பழைய வழக்கினுள் ஒரு புதுமையைப் புகுத்துகிறார். யானை யாரைத் தேர்ந்தது என அறியாது. ஊரார் தம்மை ஆள்வது பெண் என அறியார். பால் மறைந்த நிலையில் ஆட்சியின் தகுதி மட்டுமே வெளிப்படுகிறது. தான் ஆணா பெண்ணா, செல்வனா வறியனா, எச்சமயத்தவன் என்பதை அறியாத நிலையில் நின்று நீதியின் விதிகளை வகுக்கவேண்டும் என்று ராலுசு கற்பனை செய்த அறியாமைத் திரையை இவ்விடம் நினைப்பூட்டுகிறது. ஒப்புமை முழுமையன்று. ராலுசின் திரை விதி வகுப்போர் கண்ணை மறைப்பது. ஞானாம்பாளின் வேடம் ஆளப்படுவோர் கண்ணை மறைப்பது. எனினும் பிறப்பை மறைத்தாலன்றித் தகுதி விளங்காத சமுதாயம் ஒன்றினை இரண்டும் குற்றஞ்சாட்டுகின்றன.

குறையும் கூறுதல் திறனாய்வின் கடன். விக்கிரமபுரியில் நீதி பிறப்பது ஞானாம்பாளின் அறிவால். அவள் அமைத்த நிறுவனங்களால் அன்று. அவள் நீங்கியபின் அந்நீதி எதனால் நிற்கும் என்பதற்கு நாவல் உறுதியான விடை தரவில்லை. புக்கன் கல்வெட்டில் எழுந்த அதே வினா ஈண்டும் எழுகிறது. சட்டத் தொகுப்பிற் கண்ட நெறியைக் கதையில் வேதநாயகர் நழுவவிட்டார். முனிசீபு முன்செல்ல, நாவலாசிரியர் பின்தங்கினார்.

சமரசத்தின் எல்லை

வேதநாயகர் கத்தோலிக்கர். தம் சமயத்திற்கெனத் திருவருள் மாலை, தேவமாதா அந்தாதி முதலியன பாடினார். ஆனால் 1878-இல் வெளியிட்ட 'சர்வசமய சமரசக் கீர்த்தனை'யில் எச்சமயத்தாரும் பாடுதற்குரிய பொதுநிலையில் கடவுளைப் போற்றினார். ஒருவரே இருவகை நூலும் செய்தமை எண்ணத்தக்கது. வீட்டிற்கு ஒரு குரல், அவைக்கு ஒரு குரல் எனப் பிரித்துணர்ந்தவர் அவர். தம் நம்பிக்கையை விடவும் இல்லை. அதனைப் பிறர்மேல் ஏற்றவும் இல்லை. சமயச்சார்பற்ற அரசில் நீதிபதிக்கு வேண்டும் மனப்பாங்கு இதுவே.

ஆயினும் அவைக்குரிய அக்குரலும் கடவுளை நோக்கியே எழுகிறது. கடவுளை ஏலாதவன் அவ்வவையில் எங்கு நிற்பான்? லாக்கின் கடிதம் நின்றுவிட்ட இடத்திலேயே கீர்த்தனையும் நிற்கிறது. இவ்வினா ஏட்டளவினதன்று என்பதைத் திருவரங்கமே பின்னர் மெய்ப்பித்தது. 13 நிலைகளும் 236 அடி உயரமும் உடைய இராசகோபுரம் 1987-இல் நிறைவுற்றது. அதன் எதிரே 2006-ஆம் ஆண்டு திசம்பரில், கடவுள் மறுப்பைப் பரப்பிய பெரியார் ஈ.வெ.ரா.வின் சிலை அமைந்தது. திறப்பதற்கு முன்னரே அது சிதைக்கப்பட்டது, மீண்டும் நிறுவப்பட்டது. பெரியார் சிலைகளின் பீடத்திலுள்ள கடவுள் மறுப்பு வாசகங்களை நீக்கக் கோரிய மனுவைச் சென்னை உயர்நீதிமன்றம் 2019-இல் தள்ளியது. கோபுரத்தை வணங்குவார்க்கு அவ்வாசகம் புண்படுத்தும். அவ்வாசகத்தை ஏற்பார்க்குக் கோபுரம் மூடநம்பிக்கையின் சின்னமாகும். இவ்விருவரையும் சமரசம் ஒன்றுபடுத்த இயலாது. ஒன்றுபடுத்த முயன்றால் இருவரையும் பொய்ப்படுத்தும். ஒன்றுபடாமலே இருவரும் ஒரே தெருவில் அச்சமின்றி நிற்கச் செய்வது சார்பின்மை ஒன்றே.

கோயிலும் சட்டமும்

சார்பற்ற அரசு கோயிலை நிருவகித்தல் முரணன்றோ எனத் தடை எழுப்புவார் உளர். தடை வலிவுடையதே. சென்னை அரசின் 1817-ஆம் ஆண்டு 7-ஆம் ஒழுங்குவிதி அறக்கட்டளைகளின் மேற்பார்வையைக் கும்பினியிடம் தந்தது. கிறித்தவ அரசு கோயிலைக் காப்பதா என்று பாதிரிமார் எதிர்த்தமையும் சேர, 1863-ஆம் ஆண்டுச் சட்டம் அப்பொறுப்பினின்று அரசை விலக்கியது. விலகியபின் முறைகேடுகள் மிகுந்தன எனக் குறை எழுந்தமையாலேயே 1920-களில் அறநிலைய வாரியமும், பின்னர் 1951, 1959-ஆம் ஆண்டுச் சட்டங்களும் வந்தன. கோயில் வழிபாட்டிடம் மட்டுமன்று. நிலமும் பொருளும் உடைய அமைப்பு என்பதைக் கோயிலொழுகின் ஒவ்வோர் ஏடும் கூறும். கணக்கு பொதுவினை, பூசை சமயவினை. முன்னதில் அரசுக்கு இடமுண்டு, பின்னதில் இல்லை. இதுவே நெறி.

ஆனால் கோட்டை எங்குக் கிழிப்பது? 1954-இல் சீரூர் மடத்து வழக்கில் உச்சநீதிமன்றம், சமயத்தின் இன்றியமையாப் பகுதி எது என்பதை அச்சமயத்தின் கொள்கையைக் கொண்டே துணியவேண்டும் என்றது. 1972-இல் சேசம்மாள் வழக்கில், அர்ச்சகரைப் பரம்பரையால் அமர்த்துதல் சமயவினையன்று என்று கூறிப் பரம்பரை உரிமையை நீக்கிய சட்டத்தை ஏற்றது. ஆகமம் விதித்த தகுதியை மட்டும் காத்தது. 2015-ஆம் ஆண்டுத் தீர்ப்பு, ஆகமவிதி அரசியலமைப்புக்கு முரணாகாதவாறு கோயில்தோறும் வழக்குத்தோறும் ஆராயவேண்டும் என்றது. கொத்தின் உரிமையும் மாந்தன் உரிமையும் எதிர்நின்ற வழக்குகள் இவை. ஒழுகிற் கண்ட வேறுபாடு இன்றும் நீதிமன்றத்தில் முடிவுறாது நிற்கிறது. இங்கு ஒரு குறையும் கூறவேண்டும்: இன்றியமையாமையைத் துணியப் புகுந்த நீதிமன்றம் தன்னை அறியாமலே ஆகம உரையாசிரியர் இருக்கையில் அமர்ந்துவிடுகிறது. 'இது உண்மைச் சமயமா' என்று வினவுவதினும், 'இது சக குடிமகனின் சமன்மையைக் கெடுக்கின்றதா' என்று வினவுதல் சார்பற்ற மன்றத்திற்கு ஏற்புடைத்து.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவன மூன்று. ஒன்று, கோயிலொழுகு உரிமையை அறியும். ஆயின் அது கொத்தின் உரிமை. இரண்டு, திருப்பாணர் வரலாறும் புக்கன் தீர்ப்பும் அருளின் சிகரங்கள். ஆயின் அருள் அளிப்போனை நம்பி நிற்பது. மூன்று, வேதநாயகர் வெளிப்படையான, விளங்கும் மொழியிலமைந்த நீதியை நாடினார். அவருடைய சமரசமோ கடவுளை ஏற்பாரோடு நின்றது. ஆகவே, சமயச்சார்பின்மை தமிழில் முழுதாக இருந்தது என்பதும் பிழை. அறவே இல்லை என்பதும் பிழை.

அங்ஙனமாயின் இந்நூல்களால் இன்று பயன் யாது? பல கொள்கையினர் தத்தம் காரணம் பற்றியே ஒரு பொதுநெறியை ஏற்றலை, 1993-இல் வெளியிட்ட தம் அடுத்த நூலில் ராலுசு ஆராய்ந்தார். வைணவர் திருப்பாணரை நினைந்து 17-ஆம் உறுப்பை ஏற்கலாம். கிறித்தவர் வேதநாயகரை நினைந்து 25-ஆம் உறுப்பை ஏற்கலாம். பகுத்தறிவாளர் பெரியாரை நினைந்து இரண்டையும் ஏற்கலாம். ஒருவர் காரணத்தை மற்றவர் ஏற்கவேண்டுவதில்லை. ஏற்ற நெறி ஒன்றாயிருந்தாற் போதும். பழைய நூல்கள் இன்றைய அரசுக்கு அடித்தளமாகா. ஆயினும் அவ்வரசை ஏற்பதற்கு ஒவ்வொருவர்க்கும் தம் தாய்மொழியிலேயே காரணம் தரவல்லன. அவற்றை மிகைப்படப் போற்றாமலும் வெறுத்தொதுக்காமலும் இந்நோக்கிற் படித்தல் தமிழாய்வாளர் கடமையாகும்.